பனிக்கு அடியில் ஒரு தலைக்கவசம்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரில் சிரிப்பு எவ்வளவு, இருள் எவ்வளவு என்ற கேள்விக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி முதலில் சொன்ன பதில், இருளே வேண்டாம் என்பதுதான். 1960-களின் பிற்பகுதியில் சனிக்கிழமைக் காலை நேரம் முழுவதும் சூப்பர்ஹீரோக்களின் அடிதடியாக இருந்தது. பெற்றோர் எதிர்த்தார்கள். 1968-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கி சாரனும் வேறு சில தாய்மார்களும் 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சேனல்கள் அடிதடித் தொடர்களைக் குறைத்துக்கொண்டு, பயத்தையும் சிரிப்பையும் வேறு விதமாகச் சேர்க்கத் தொடங்கின. 1969 செப்டம்பர் 13 அன்று சி.பி.எஸ். சேனலில் வந்த 'ஸ்கூபி-டூ' அந்த மாற்றத்தின் பிள்ளை.

ஸ்கூபி-டூவின் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். பாழடைந்த வீடு, நடுநிசி, பேய், ஓட்டம், சாப்பாட்டு ஆசை பிடித்த ஒரு நாய். கடைசியில் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பணத்துக்கு ஆசைப்பட்ட ஒரு மனிதன். பயம் பொய், சிரிப்பு மெய் என்பது அந்தத் தொடர் குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் கொடுத்த வாக்கு. அது நல்ல வாக்கு. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் குழந்தையின் வாழ்க்கையில் எல்லாப் பயமும் முகமூடி அணிந்தது அல்ல. தாத்தா செத்துப்போகிறார். அப்பாவுக்கு வேலை போகிறது. கழற்றிக் காட்டுவதற்கு அங்கே எந்த முகமூடியும் இல்லை.

1980-களில் பொம்மைக் கம்பெனிகளோடு கைகோத்துப் போர்க் கதைகள் திரும்பி வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 'ஜி.ஐ. ஜோ' தொடரில் விமானம் வெடிக்கும். விமானி மட்டும் தவறாமல் பாராசூட்டில் இறங்கிவிடுவான். இத்தனை குண்டு வெடித்தும் யாரும் சாகாத போர் அது. அதற்கு நேர் எதிரான தவறு 1986-ல் நடந்தது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' தொடரை ஒட்டி வந்த திரைப்படத்தில், தொடரின் நாயகனான ஆப்டிமஸ் பிரைம் படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே இறந்துபோனான். காரணம் கதையில் இல்லை, கடையில் இருந்தது. பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றுக்கு இடம் செய்ய வேண்டியிருந்தது. திரையரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் புகார் எழுதினார்கள். அடுத்து வந்த ஜி.ஐ. ஜோ படத்தில் சாக வேண்டிய டியூக்கை, அவன் மயக்கத்தில் இருக்கிறான் என்று வசனம் சேர்த்துக் காப்பாற்றினார்கள். ஆப்டிமஸ் பிரைமும் 1987-ல் தொடரில் உயிரோடு திரும்பிவிட்டான். சாவைக் காட்டியதைவிட, அந்தச் சாவு படம் எடுத்தவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லாததே அங்கே நடந்த பிழை.

துணிச்சல் போன இடத்தில் தணிக்கை வந்து உட்கார்ந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானின் 'டிராகன் பால் இசட்' அமெரிக்காவுக்காக ஆங்கிலத்தில் டப் செய்யப்பட்டபோது, செத்தவர்கள் 'வேறு பரிமாணத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். நரகத்துக் காவலர்களின் சட்டையில் 'நரகம்' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. நடு இரண்டு எழுத்துகளைத் திருத்தி 'ஹெச்.எஃப்.ஐ.எல்.' ஆக்கி, முடிவில்லாமல் தோற்பவர்களுக்கான இல்லம் என்று அதற்கு விரிவாக்கமும் கொடுத்தார்கள். பார்த்த பிள்ளைகள் ஏமாந்ததாகத் தெரியவில்லை. செத்தவனைச் செத்தவன் என்று சொல்லாமல் போனால், உயிர் பிழைத்தவனுக்காக மகிழவும் வழியில்லாமல் போகிறது.

எந்த வயதுக்கு எது பயம்

எதைக் கண்டு குழந்தை பயப்படும் என்பது வயதோடு மாறுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர் ஜோன் கேன்டர். 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரைப் பார்த்த சிறு பிள்ளைகள் அதிகம் பயந்தது வில்லனைக் கண்டு அல்ல, நல்லவனான நாயகன் பச்சை உருவமாக மாறும் காட்சியைக் கண்டு. அந்த உருவம் நல்லவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறது என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. சின்னவர்களுக்குக் கண்ணில் பட்டதுதான் எல்லாம். பள்ளிக்குப் போகும் முன் உள்ள பிள்ளைக்குத் தோற்றமே பயம். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் நடக்கக்கூடியது, இழக்கக்கூடியது என்ற எண்ணமே பயம்.

நல்ல தொடர்கள் இந்த வித்தியாசத்தைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரே காட்சியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கையும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு துயரமும் இருக்கும். சின்னப் பிள்ளை அந்தத் துயரத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். நான்கு வருடம் கழித்து அதே எபிசோடைப் பார்க்கும்போது அன்று தவறவிட்டதைக் கண்டு திடுக்கிடும்.

காட்டாமல் காட்டுவது பழைய கருவி. 1992-ல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசுவதற்குப் பதிலாக, இருட்டில் எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கே மட்டும் வண்ணம் வைத்தார்கள். அதில் 'ராபின்ஸ் ரெக்கனிங்' என்ற கதை 1993-ல் எம்மி விருது பெற்றது. சர்க்கஸ் கூடாரத்தில் ராபினின் தாயும் தந்தையும் கயிற்று ஊஞ்சலில் ஆடித் திரைக்கு வெளியே போகிறார்கள். அறுந்த கயிறு மட்டும் திரும்பி வருகிறது. விழுவது இல்லை, ரத்தம் இல்லை. ஊஞ்சல் போனால் திரும்பி வரும் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும்; அந்த அறிவை வைத்தே சாவைச் சொல்லிவிட்டார்கள்.

'கரேஜ் தி கவர்ட்லி டாக்' வேறு வழியில் போனது. ஜான் டில்வொர்த் உருவாக்கிய இந்தத் தொடர் 1999 முதல் 2002 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் 52 எபிசோட்கள் ஓடியது. நம் ஊரில் கேபிள் டிவியோடு வளர்ந்த தலைமுறையும் இதை மறந்திருக்காது. ஆளரவமற்ற வெட்டவெளியில் ஒரு வீடு. மியூரியல் என்ற அன்பான கிழவி, யூஸ்டஸ் என்ற சிடுமூஞ்சிக் கிழவர், ஒரு ரோஸ் நிற நாய். நாய்க்கு எல்லாவற்றிலும் பயம். ஆபத்து வந்துவிட்டது என்று பாட்டியிடம் சொல்ல, அது தன் உடம்பையே அந்தப் பேயின் உருவமாக முறுக்கி நடித்துக் காட்டும், பாட்டிக்குப் புரியாது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது. அதே நேரத்தில், தனக்குத் தெரிந்த ஆபத்தைப் பெரியவர்களுக்குச் சொல்ல முடியாத ஒவ்வொரு குழந்தையின் தவிப்பும் அதுதான். ராம்சேஸ் மன்னனின் சாபம் பற்றிய எபிசோடில், கல் பலகையைத் திருப்பிக் கேட்டு இருட்டில் ஓர் உருவம் நிற்கிறது. மற்ற எல்லாம் கையால் வரைந்த படம். அந்த உருவம் மட்டும் கம்ப்யூட்டரில் செய்தது. அதனாலேயே அது இந்த உலகத்தைச் சேர்ந்தது அல்ல என்பது உடம்பில் உறைக்கிறது. அது அனுப்பும் மூன்று சாபங்களில் ஒன்று வெள்ளம், ஒன்று வெட்டுக்கிளி. நடுவில் வருவது, கேட்கச் சகிக்காத ஓர் இசைத்தட்டு!

லெமூரைத் துரத்தியபடி

சிரிப்பும் இருளும் ஒரே கிளையில் காய்க்க முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கோனியெட்ஸ்கோவும் உருவாக்கி, 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் சேனலில் 61 எபிசோட்களாக வந்த தொடர். கதையின் அடித்தளமே ஓர் இன அழிப்பு. பனிக்குள் நூறு வருடம் உறைந்து கிடந்த ஆங் என்ற 12 வயதுச் சிறுவன் விழித்தெழுகிறான். அவனுடைய மக்களான காற்று நாடோடிகளை நெருப்பு தேசம் கொன்று தீர்த்துவிட்டது. அவன் ஒருவன்தான் மிச்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவன் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது எபிசோடில் அவன் தன் நண்பர்களான கட்டாராவையும் சொக்காவையும் கூட்டிக்கொண்டு தான் வளர்ந்த மலைக்கோயிலுக்கு வருகிறான். எல்லோரும் எங்கேயோ போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று நம்புகிறான். சொக்காவோடு பந்து விளையாடுகிறான்; காற்றை வசப்படுத்தத் தெரிந்தவனோடு சாதாரணப் பையன் விளையாடினால் என்ன ஆகுமோ அதுவே ஆகிறது. பந்தோடு சேர்ந்து பறந்து போய் விழுகிற சொக்காவின் கண்ணில் நெருப்பு தேசத்துச் சிப்பாயின் தலைக்கவசம் ஒன்று படுகிறது. கட்டாரா ஆங்கைக் கூப்பிடுகிறாள். அவன் பந்தைத் தட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடி வருகிறான். அவளுக்கு மனசு வரவில்லை. நீரை வசப்படுத்தும் தன் திறனால் மேலே இருந்த பனியைச் சரித்துக் கவசத்தை மூடிவிடுகிறாள். பனி கவசத்தின் மேல் மட்டும் விழவில்லை, பக்கத்தில் நின்ற சொக்காவின் மேலும் விழுகிறது. பார்க்கிற குழந்தை சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குக் காரணமோ, ஒரு பெண் தன் நண்பனிடமிருந்து சாவை மறைத்த செயல்.

அடுத்து ஆங்கின் நினைவில் குரு கியாட்சோ வருகிறார். உபதேசம் செய்யும் குருவாக அவரைக் காட்டவில்லை. மேல்மாடத்திலிருந்து பழக் கேக்குகளைக் காற்றில் ஏவி, கீழே தியானத்தில் இருக்கும் மூத்த துறவிகளின் தலையில் போட்டுவிட்டுச் சிறுவனோடு சேர்ந்து கெக்கலிக்கும் கிழவராகக் காட்டுகிறார்கள். சில நொடிகளில் அவரைப் பிடித்துப்போய்விடுகிறது.

பிறகு ஒரு லெமூர் வருகிறது. ஆங்குக்கு அதை வளர்க்க ஆசை. பசியில் இருக்கும் சொக்காவுக்கு அதைத் தின்ன ஆசை. இருவரும் முட்டி மோதிக்கொண்டு துரத்துகிறார்கள், வேடிக்கையான துரத்தல். லெமூர் நுழைந்த பாழடைந்த இடத்துக்குள் ஆங்கும் நுழைகிறான். உள்ளே நெருப்பு தேசத்துச் சிப்பாய்களின் எலும்புகள் கவசங்களோடு குவிந்து கிடக்கின்றன. நடுவே, கழுத்தில் கியாட்சோவின் பதக்கத்தோடு ஓர் எலும்புக்கூடு. சிறுவன் மண்டியிட்டு அழுகிறான். பின்னால் வரும் சொக்கா, லெமூருக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்து, நான் நிஜமாகவே அதைத் தின்றிருக்க மாட்டேன் என்று சமாதானம் சொல்லத் தொடங்குகிறான். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறான். வாய் அடைத்துப்போகிறது.

இந்தக் காட்சியின் வேலைப்பாடு முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. சொக்கா நகைச்சுவைக்காக வைத்த பாத்திரம். எலும்புக்கூட்டின் முன்னால் அவனை நிறுத்தும்போது, எழுதியவர்கள் அவனை வெளியே அனுப்பவும் இல்லை, அவன் வாயில் திடீரென்று ஞானம் வைக்கவும் இல்லை. எப்போதும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவன் இப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறான். நகைச்சுவை தன் பாட்டில் நடந்து வந்து, சாவின் காலடியில் இடறுகிறது. பார்க்கிற பிள்ளை சொக்காவோடு சேர்ந்து அந்த நொடியில் வயது கூடுகிறது.

இதே தொடரில் ஐரோ என்ற பாத்திரம் உண்டு. தேநீர்ப் பித்து, தொப்பை, தூக்கம், அடிக்கொரு பழமொழி. இரண்டாம் சீசனில் பா சிங் சே நகரத்தில் அவர் ஒரு நாளைக் கழிக்கும் கதை சில நிமிடங்கள்தான் ஓடுகிறது. அழும் குழந்தைக்குப் பாடுகிறார். பந்தால் ஜன்னலை உடைத்த பிள்ளைகளிடம், குற்றத்தை ஒப்புக்கொள்வதே நல்லது என்று உபதேசிக்கிறார்; வீட்டுக்காரரின் ஆகிருதியைப் பார்த்ததும் ஓடச் சொல்கிறார். கத்தி காட்டி வழிப்பறி செய்ய வந்தவனிடம், நீ நிற்கும் நிலை சரியில்லை என்று திருத்திவிட்டு, அவனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். மாலையில் ஒரு குன்றின் மேல் மரத்தடியில், போரில் செத்த தன் மகன் லூ டென்னின் படத்தை வைத்து, காலையில் பாடிய அதே பாட்டைப் பாடி உடைந்துபோகிறார். மகன் செத்தது இதே நகரத்தை ஐரோ படையோடு வந்து முற்றுகையிட்டபோது. பகல் முழுவதும் அடுத்தவர் பிள்ளைகளிடம் அவர் காட்டிய பரிவு எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரிகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006 ஜூலையில் காலமானார். இரண்டு மாதம் கழித்து ஒளிபரப்பான இந்தப் பகுதி அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

கோமாளியின் கிரீடம்

ஒரு பாத்திரத்தைப் பார்த்து வருடக்கணக்காகச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பையே திருப்பிக் கேட்ட தொடர் 'அட்வென்ச்சர் டைம்'. பென்டில்டன் வார்டு உருவாக்கியது. 2010 முதல் 2018 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடியது. ஓர் எபிசோட் 11 நிமிடம். மிட்டாயால் ஆன மனிதர்கள், பேசும் மஞ்சள் நாய், வாளோடு அலையும் சிறுவன் என்று பளபளக்கும் உலகம். தொடக்கப் பாடலில் கேமரா பாய்ந்து போகும் நிலத்தில் குண்டுகளும் பழைய நாகரிகத்தின் குப்பைகளும் கிடப்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள் மட்டும் கவனித்திருப்பார்கள். ஆயிரம் வருடம் முன்பு நடந்த ஒரு பெரும் போருக்குப் பிந்தைய பூமி அது.

அதில் ஐஸ் கிங் என்ற வில்லன். நீல உடம்பு, நீண்ட மூக்கு, மாய கிரீடம். இளவரசிகளைக் கடத்திக்கொண்டு போவதே தொழில். ஒவ்வொரு முறையும் அடி வாங்கித் திரும்புவது வழக்கம். கோமாளி. மூன்றாம் சீசனில், 2011 டிசம்பரில், அவனுடைய பழைய வீடியோ பதிவு ஒன்று ஓடுகிறது. கண்ணாடி அணிந்த சாதுவான ஓர் ஆராய்ச்சியாளர் பேசுகிறார். பெயர் சைமன் பெட்ரிகோவ். பழம்பொருளாக வாங்கிய ஒரு கிரீடத்தைத் தன் வருங்கால மனைவி பெட்டியைச் சிரிக்க வைப்பதற்காக விளையாட்டாகத் தலையில் வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். அதன் பிறகு என்னென்னவோ காட்சிகள், கூச்சல். நினைவு திரும்பியபோது பெட்டி அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளைக் காணவே இல்லை. அவளை அவர் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் 'இளவரசி'.

மூன்று சீசன்களாகப் பிள்ளைகள் சிரித்த அந்தக் கடத்தல்களுக்கு இதுதான் காரணம். யாரைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோன ஒருவன், தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பேதைமையை நகைக்கான காரணங்களில் ஒன்றாகவும், இழவை அழுகைக்கான காரணங்களில் ஒன்றாகவும் வைக்கிறது. ஐஸ் கிங்கின் பேதைமைக்குள்ளேயே அவனுடைய இழவு இருந்தது.

கோல் சான்செஸும் ரெபேக்கா சுகரும் சேர்ந்து எழுதி வரைந்து 2012 அக்டோபரில் வந்த 'ஐ ரிமெம்பர் யூ' எபிசோட் இதை முழுமையாக்கியது. இந்தத் தொடரில் சுருக்கமான கதைக் குறிப்பை வாங்கிக்கொண்டு ஸ்டோரிபோர்டு கலைஞர்களே வசனத்தையும் எழுதினார்கள். அதனால் சிரிப்பு வசனத்தில் மட்டும் இல்லாமல் தோள் குலுங்கும் விதத்திலும் கண் திரும்பும் வேகத்திலும் இருக்கிறது. இளவரசிகளைக் கவரப் பாட்டு எழுத வேண்டும், உதவி செய் என்று ஐஸ் கிங், மார்சலீன் என்ற ரத்தக்காட்டேரிப் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். பாட்டுக்காக அவன் கொண்டுவந்த பழைய தாள்களின் பின்புறத்தில், சைமன் தன் புத்தி தடுமாறத் தொடங்கிய காலத்தில் அவளுக்காக எழுதிய வரிகள் இருக்கின்றன. போருக்குப் பிறகு அநாதையாக நின்ற ஏழு வயது மார்சலீனைக் காப்பாற்றி வளர்த்தவர் அவர். கிரீடத்தின் சக்திதான் அவளைக் காத்தது. அதைப் பயன்படுத்தப் பயன்படுத்த அவர் மனம் அழிந்தது. அந்த வரிகளை அவள் அழுதுகொண்டே பாடுகிறாள். எழுதியவனோ தன் எழுத்து என்று தெரியாமல், உற்சாகமாகத் தாளம் போடுகிறான். யாரும் எதையும் விளக்கவில்லை. வீட்டில் தன்னை மறந்துபோன பாட்டியோ தாத்தாவோ இருக்கும் பிள்ளைக்கு அந்த விளக்கம் தேவையும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, இருள் சேர்த்தாலே ஆழம் வந்துவிடும் என்று நம்பிய தொடர்களும் வந்தன. சாவுக்கு அடுத்த நொடியில் ஒரு ஜோக்கை வைத்துத் துடைத்துவிடுவது அவற்றில் சாதாரணம். நடந்தது பெரிய விஷயமில்லை என்று அந்த ஜோக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை அது எந்தச் சாவையும் நம்பாது. அவதார் தொடருக்கே ஒரு முறை இந்தத் தடுமாற்றம் நேர்ந்தது. இரண்டாம் சீசனில் ஜெட் என்ற இளைஞன் செத்தானா இல்லையா என்று தெரியாதபடி காட்சி முடிந்துவிட்டது. 2008-ல், நாயகர்கள் தங்களைப் பற்றிய நாடகம் ஒன்றைப் பார்க்கும் எபிசோடில், மேடையில் வந்த ஜெட் செத்தானா என்று அவர்கள் கேட்டுக்கொள்வதும் தெளிவாக இல்லை என்று பதில் வருவதுமாக அந்தக் குறையைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள்.

பேட்ரிக் மக்ஹேல் உருவாக்கிய 'ஓவர் தி கார்டன் வால்' 2014 நவம்பரில் ஐந்து இரவுகளில் பத்தே எபிசோடாக வந்து முடிந்தது. முன்பின் தெரியாத காட்டில் வழிதவறிய அண்ணன் தம்பி, வர்ட்டும் கிரெக்கும். கிரெக் சின்னப் பையன். தலையில் கவிழ்த்த கெண்டி, கையில் ஒரு தவளை, ஓயாத பேச்சு. தவளைக்கு எபிசோடுக்கு ஒரு பெயர் வைப்பான். பக்கத்து வீட்டம்மா தோட்டத்திலிருந்து எடுத்த, முகம் வரைந்த ஒரு கல்லைக் காட்டித் தன் இஷ்டத்துக்கு 'உண்மைகள்' சொல்வான். தொடரின் சிரிப்பில் முக்கால்வாசி அவனுடையது. காட்டில் 'பீஸ்ட்' என்ற ஒன்று நடமாடுகிறது. நம்பிக்கை இழந்தவர்களை மரமாக்கி, அந்த மரத்தின் எண்ணெயில் விளக்கெரிய வைக்கிறது. மனம் தளர்ந்து படுத்துவிட்ட அண்ணனுக்குப் பதிலாகக் கிரெக் தன்னையே கொடுத்துவிட்டு அதோடு போகிறான்.

அது அவனுக்கு முடியாத வேலைகளைச் சொல்கிறது. வெள்ளி நூல் கேட்கிறது. அவன் சிலந்தி வலையைச் சுற்றிக் கொண்டுவருகிறான். தங்கச் சீப்பு கேட்கிறது; தேன் கூட்டைக் கொண்டுவருகிறான், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கடைசியாக, சூரியனை ஒரு பீங்கான் கோப்பைக்குள் இறக்கச் சொல்கிறது. கிரெக் பனியில் கோப்பையைத் தூரத்து மலைவிளிம்புக்கு நேராக வைத்துவிட்டு, சூரியன் தானாக அதற்குள் இறங்கட்டும் என்று காத்திருக்கிறான். ஒன்பது எபிசோடாகச் சிரிக்க வைத்த அதே பிள்ளைக் கணக்கு இது. அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் குளிர் ஏறிக்கொண்டே போகிறது. அவனைச் சுற்றிக் கிளைகள் முளைக்கத் தொடங்குகின்றன.

அண்ணன் வந்து சேர்கிறான். இருவரும் வீடு திரும்புகிறார்கள். கடைசிக் காட்சிகளில் ஒன்றில் கிரெக் பக்கத்து வீட்டம்மாவின் தோட்டத்தில் குனிந்து, அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே வைக்கிறான்.